இடம் மாறும் வரிசை: அமெரிக்கத் தொழிலாளர் சான்றும் தீராத தேக்கமும்

அமெரிக்காவில் பிள்ளைகள் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களில் “லேபர் போட்டாச்சா?” என்ற கேள்வி ஒரு தலைமுறைக் காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. வேலை வழியாகக் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, பெற நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் கடக்க வேண்டிய வாசல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை தரும் சான்று. அந்த வாசலில் நிற்கும் கூட்டத்தைக் குறைக்க அமெரிக்க அரசு 1990களின் நடுவிலிருந்து திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறது. விதிகளை மாற்றியது, அலுவலகங்களை ஒன்றாக்கியது, தேக்கத்தைத் தீர்ப்பதற்கென்றே தனி மையங்களைத் திறந்தது, காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியது. ஒவ்வொரு முயற்சிக்கும் சில காலம் பலன் இருந்தது. பிறகு வரிசை பழையபடி நீண்டது, அல்லது பக்கத்து வாசலுக்கு இடம் பெயர்ந்தது.

இத்தனை முயற்சிக்குப் பிறகும் தேக்கம் தீராததற்குச் சரிபார்ப்பு கடினமாக இருப்பது காரணமல்ல. அரசு ஒவ்வொரு முறையும் குவிந்த கோப்புகளை எண்ணியது. ஒரு மனிதர் முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை எத்தனை ஆண்டு நிற்கிறார் என்பதை எண்ணவில்லை. வரும் விண்ணப்பங்களின் அளவுக்கு ஏற்ப ஆளும் பணமும் கூடும்படி ஓர் ஏற்பாட்டையும் செய்யவில்லை. கடந்த முப்பது ஆண்டு முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

சான்று எதற்காக?

1952ஆம் ஆண்டின் குடிவரவு, தேசியச் சட்டத்தில் இந்தச் சான்றின் வேர் இருக்கிறது. வெளிநாட்டவர் வருகையால் உள்நாட்டுத் தொழிலாளருக்குக் கேடு வரும் என்று தொழிலாளர் துறைச் செயலர் அறிவித்தால்தான் தடை என்பது அன்றைய ஏற்பாடு. 1965ஆம் ஆண்டுத் திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. கேடு வராது என்று துறை முன்கூட்டிச் சான்று தந்தால் மட்டுமே வழி திறக்கும் என்றாயிற்று. சான்று இரண்டு செய்திகளை உறுதிசெய்ய வேண்டும். அந்த இடத்தில், அந்த வேலைக்கு, தகுதியும் விருப்பமும் உள்ள அமெரிக்கத் தொழிலாளர் போதிய அளவில் இல்லை என்பது முதலாவது. வெளிநாட்டவரை அமர்த்துவதால் அங்கே அதே வேலையில் இருப்போரின் ஊதியமும் பணிநிலையும் தாழாது என்பது இரண்டாவது.

1990ஆம் ஆண்டுச் சட்டம் வேலை வழியான குடிவரவுக்கு ஆண்டுக்கு 1,40,000 விசா எண்களை ஒதுக்கி ஐந்து பிரிவுகளாகப் பகுத்தது. எந்த நாட்டுக்கும் மொத்தத்தில் 7 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பும் உண்டு. முதுகலைப் பட்டம் அல்லது அதற்கு நிகரான தகுதி கேட்கும் இரண்டாம் பிரிவுக்கும், பட்டதாரிகளும் தேர்ந்த தொழிலாளரும் வரும் மூன்றாம் பிரிவுக்கும் பொதுவாகத் தொழிலாளர் சான்று வேண்டும். செவிலியர், இயன்முறை மருத்துவர் போன்ற சிலருக்கு ‘ஷெட்யூல் ஏ’ பட்டியல் வழியாக விலக்கு உண்டு. மற்றவர்களுக்காக முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டும்.

இன்றைய நடைமுறையில் சான்று பெறுவதற்கே மூன்று படிகள் உள்ளன. முதலில், அந்த ஊரில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியம் எவ்வளவு என்று தொழிலாளர் துறையிடம் முதலாளி கேட்டு வாங்க வேண்டும். அடுத்தது ஆள் தேடும் கட்டம்: இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தித்தாள் விளம்பரம், மாநில வேலைவாய்ப்பு அமைப்பில் 30 நாள் அறிவிப்பு, பணியிடத்தில் 10 வேலைநாள் ஒட்டப்படும் அறிவிப்பு, பட்டதாரி வேலையானால் மேலும் மூன்று வழிகளில் தேடல். தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்றால் மட்டுமே 9089 என்ற படிவத்தைத் தாக்கல் செய்யலாம். சான்று வந்தபின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடிவரவுப் பிரிவிடம் ஐ-140 மனு போகும். கடைசியாக, விசா எண் எப்போது கிடைக்கும் என்பதை வெளியுறவுத் துறையின் மாதாந்திர அறிவிக்கை சொல்லும். ஒரே மனிதரின் ஒரே விண்ணப்பம் மூன்று துறைகளின் கையில் மாறிமாறி நகர்கிறது. மூன்றும் தத்தம் மேசையில் உள்ளதை மட்டுமே கணக்கில் வைக்கின்றன.

இரண்டு அலுவலகம், ஒரே வேலை

2005க்கு முன்பு ஈடிஏ 750 என்ற காகிதப் படிவம் முதலில் மாநில வேலைவாய்ப்பு அமைப்புக்குப் போகும். அவர்கள் ஊதியத்தைச் சரிபார்த்து, விளம்பரத்தை மேற்பார்வையிட்டு, வந்த விண்ணப்பங்களை முதலாளிக்கு அனுப்பி, முடிவை எழுதிக் கூட்டரசின் மண்டல அலுவலகத்துக்கு ஏற்றுவார்கள். மண்டல அலுவலகம் அதே கோப்பை மறுபடி முதலிலிருந்து படிக்கும். விண்ணப்பங்கள் குவியும் பெரிய மாநிலங்களில் இந்த இரட்டைப் பார்வைக்கே ஆண்டுக்கணக்கில் ஆனது.

1996 மே மாதம் தொழிலாளர் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒரு தணிக்கை அறிக்கை வெளியிட்டது. அமைப்பு உடைந்துகிடக்கிறது, சீராக்கப்பட வேண்டும் என்பதை அது தலைப்பிலேயே சொல்லிவிட்டது. யாருக்காகச் சந்தையில் ஆள் தேடப்படுகிறதோ அவரே பெரும்பாலும் அதே முதலாளியிடம் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று அது காட்டியது. அப்படியானால் இத்தனை உழைப்பும் செலவும் உள்நாட்டுத் தொழிலாளருக்கு உண்மையான காப்பாக இருக்கிறதா என்ற கேள்வி அன்றே எழுந்தது. இன்றும் அது தீரவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் துறை ஒரு குறுக்குவழியை விரிவாக்கியது. முந்தைய ஆறு மாதத்துக்குள் முதலாளி தாமாகவே சந்தையில் முறையாக ஆள் தேடியிருந்தால், மேற்பார்வைத் தேடலைக் குறைத்துக்கொண்டு கோப்பை விரைவாகப் பார்க்கலாம் என்றது. அமெரிக்கத் தமிழர் வாயில் ‘ஆர்ஐஆர்’ என்று வழங்கியது இதுதான். கணினித் துறை வேகமாக வளர்ந்த அந்த ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் போன பொறியாளர் பலருடைய கோப்புகள் இந்த வழியாக நகர்ந்தன. 2001 ஆகஸ்டில், பழைய முறையில் தேங்கிய மனுக்களையும் இந்த வழிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விதி திருத்தப்பட்டது. விளைவாக, பொறியாளரின் கோப்பு முன்னே போக, உணவகச் சமையல்காரரின் கோப்பும் தையல்காரரின் கோப்பும் பழைய வரிசையிலேயே நின்றன. ஆட்பற்றாக்குறை அதிகம் என்று எளிதில் காட்ட முடிந்த தொழிலுக்குத்தான் குறுக்குவழி திறந்தது.

அதே நேரத்தில் ஒரு வெள்ளமும் வந்தது. ஆவணமின்றி வாழ்ந்தோர் அபராதம் கட்டி நாட்டுக்குள்ளேயே நிலையை முறைப்படுத்திக்கொள்ள வழிசெய்யும் 245(ஐ) பிரிவை, 2000 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 2001 ஏப்ரல் 30 வரை நீட்டித்தது. அந்த நாளுக்குள் தொழிலாளர் சான்றுக்கு விண்ணப்பித்திருந்தால் போதும். கட்டடத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் சமையல்காரரும் கெடு முடியுமுன் விண்ணப்பிக்க முண்டியடித்தார்கள். மாநில அலுவலகங்கள் திணறின. நாடாளுமன்றம் ஒரு கதவைத் திறந்து கெடுவும் வைத்தது. அந்தக் கதவின் மறுபுறம் இருக்க வேண்டிய எழுத்தர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் ஈடான ஏற்பாட்டைச் செய்யவில்லை.

ஃபிலடெல்ஃபியாவும் டல்லஸும்

பிற்காலத் தேக்க ஒழிப்புத் திட்டங்களில் மிகப் பெரியது 2004இல் தொடங்கியது. மாநிலங்களிலும் மண்டலங்களிலும் தேங்கிய கோப்புகளை ஒரே இடத்துக்குக் கொண்டுவர அவ்வாண்டு ஜூலையில் இடைக்கால விதி வந்தது. ஃபிலடெல்ஃபியாவிலும் டல்லஸிலும் தேக்க ஒழிப்பு மையங்கள் திறக்கப்பட்டன. நாடெங்குமிருந்து பெட்டி பெட்டியாக ஏறத்தாழ 3,60,000 மனுக்கள் அங்கே வந்துசேர்ந்தன. ஒவ்வொன்றையும் கணினியில் ஏற்றி, இந்த மனுவை இன்னும் தொடர விரும்புகிறீர்களா என்று முதலாளிக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். 45 நாளுக்குள் பதில் வராவிட்டால் கோப்பு மூடப்படும். 2007 செப்டம்பர் இறுதிக்குள் முடிப்பதாகச் சொன்னார்கள். சொன்ன காலத்தில் முடித்தும் காட்டினார்கள். அரசு தன் கெடுவைக் காப்பாற்றியது என்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆனால் ‘தீர்ந்த’ கோப்புகள் எல்லாம் சான்று பெற்றவையல்ல. மூன்று நான்கு ஆண்டில் முதலாளி முகவரி மாற்றியிருப்பார், கடையை மூடியிருப்பார், அல்லது அந்தத் தொழிலாளரே சலித்து வேறிடம் போயிருப்பார். பதில் வராத கடிதமும் கணக்கில் தீர்ந்த கோப்புதான். காத்திருந்தவருக்கோ தன் கோப்பைப் பற்றிக் கேட்கும் நிலையே இல்லை. சட்டத்தின் கண்ணில் விண்ணப்பதாரர் முதலாளி. அந்தச் சான்றால் வாழ்க்கை மாறப்போகிற தொழிலாளர் வழக்கின் தரப்பே அல்லர். மேல்முறையீடும் முதலாளியின் கையில்தான்.

இன்னொரு கசப்பும் இருந்தது. 2005 மார்ச் 28 முதல் புதிய கணினி முறை நடைமுறைக்கு வந்தது. 2002இல் விண்ணப்பித்தவரின் கோப்பு டல்லஸ் பெட்டியில் கிடக்க, 2005இல் புதிதாக விண்ணப்பித்த சக ஊழியர் சில வாரங்களில் சான்றைக் கையில் வாங்கினார். வரிசையில் தம் இடத்தைக் குறிக்கும் பழைய விண்ணப்ப நாளைத் தக்கவைத்துக்கொண்டு புதிய முறைக்கு மாற வழி இருந்தது. ஆனால் வேலை விவரம் முழுதும் ஒத்திருக்க வேண்டும், பழைய மனுவைக் கைவிட வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கு அஞ்சிப் பலர் மாறவில்லை. முந்தியவர் பிந்தினார்.

ஏரியை ஒருமுறை தூர்வாரியதோடு வேலை முடிந்தது என்று வரத்துக் கால்வாயையும் மதகையும் கவனிக்காமல் விட்டால், அடுத்த சில மழையிலேயே வண்டல் பழைய மட்டத்துக்கு ஏறிவிடும். 2007இல் நடந்தது ஒருமுறைத் தூர்வாரல். ஆண்டுதோறும் மராமத்துக்கு யார் பணம் தருவது என்பதை அப்போது யாரும் எழுதிவைக்கவில்லை.

பெர்ம்: வேகமும் விலையும்

2002 மே மாதம் வரைவாக வந்து 2004 டிசம்பர் 27இல் இறுதியான ‘பெர்ம்’ விதி, மாநில அமைப்பின் முதல் பார்வையை நீக்கியது. சிகாகோவிலும் அட்லாண்டாவிலும் இரண்டு தேசியச் செயலாக்க மையங்கள் அமைந்தன. முதலாளி ஆள் தேடலை முன்பே முடித்துவிட்டு, எல்லாம் சரியாக நடந்தது என்று உறுதிமொழி அளித்துக் கணினியில் படிவம் நிரப்புவார். ஆவணங்களை அனுப்ப வேண்டாம். ஐந்தாண்டுக்குத் தம்மிடம் வைத்திருந்தால் போதும். சந்தேகம் எழுந்தாலோ தற்செயல் தெரிவில் அகப்பட்டாலோ மட்டும் தணிக்கை நடக்கும். 45 முதல் 60 நாளில் முடிவு என்பது அன்றைய இலக்கு. நோக்கம் நல்லது, இரட்டை வேலையை ஒழித்தது பெரிய முன்னேற்றமும்கூட.

ஆனால் வேகத்துக்காகப் படிவம் இரும்பாக இறுகியது. ஹெல்த்அமெரிக்கா என்ற நிறுவனத்தின் வழக்கு இதற்கு அழியாச் சான்று. இரண்டு ஞாயிறு விளம்பரங்களும் முறையாக வெளிவந்திருந்தன. படிவத்தில் ஒரு விளம்பரத்தின் தேதி மட்டும் தவறுதலாகத் திங்கட்கிழமையாகத் தட்டச்சாகிவிட்டது. விளம்பரத்தின் நகலைக் காட்டியும் அதிகாரி மறுத்தார். 2006 ஜூலையில் மேல்முறையீட்டு வாரியம் முழு அமர்வாகக் கூடி அந்த மறுப்பை ரத்து செய்தது. நடந்த உண்மையைவிடத் தட்டச்சுப் பிழையைப் பெரிதாகக் கொள்வது விதியின் நோக்கத்துக்கே ஒவ்வாது என்பதே தீர்ப்பின் சாரம். துறை பாடம் கற்ற விதம் வேறு. 2007இல் வந்த புதிய விதி, தாக்கல் செய்த பிறகு படிவத்தில் எந்தத் திருத்தமும் கூடாது என்று எழுதிவைத்தது. ஓர் எழுத்துப் பிழைக்காக ஒரு குடும்பம் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை இன்றும் உண்டு. மறுக்கப்பட்டவர் திரும்ப விண்ணப்பிக்கிறார். அதே வேலைக்கு அதிகாரி இரண்டு முறை உழைக்கிறார். தேக்கத்தைக் குறைக்கப் பிறந்த கெடுபிடி இப்படித் தேக்கத்தை வளர்க்கிறது.

2007 ஜூலை 16 முதல் நடைமுறைக்கு வந்த அந்த விதியில் நியாயமான பகுதிகளும் உண்டு. ஒருவருக்காகப் பெற்ற பழைய சான்றில் இன்னொருவர் பெயரை ஏற்றிப் பழைய தேதியை அவருக்குத் தரும் வழக்கம் அதுவரை இருந்தது. தேக்கம் நீண்டதால் பழைய தேதிக்கு விலை ஏறி, சான்றே சந்தைச் சரக்காக மாறியிருந்தது. அந்தப் பெயர் மாற்றம் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. சான்றுக்கான செலவையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் தொழிலாளர் தலையில் கட்டக் கூடாது என்றானது. சான்றுக்கு 180 நாள் ஆயுள் விதிக்கப்பட்டது. தேக்கம் எங்கே நீள்கிறதோ அங்கே இடைத்தரகும் முறைகேடும் முளைக்கும் என்பதை இந்த விதியின் பின்னணி காட்டுகிறது.

பூக்கள் பேசிய கோடை

அதே மாதத்தில்தான் அடுத்த வாசலின் கதை வெடித்தது. 2005 அக்டோபரிலேயே இந்தியர்களுக்கான தேதிகளை வெளியுறவுத் துறையின் அறிவிக்கை பல ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியிருந்தது. தொழிலாளர் துறை வேகம் பிடித்த ஆண்டிலேயே விசா எண்ணின் வாசல் குறுகியது. 2007 ஜூலைக்கான அறிவிக்கையோ ஏறத்தாழ எல்லா வேலைவழிப் பிரிவுகளும் திறந்திருப்பதாகச் சொன்னது. மருத்துவச் சோதனை, ஆவணங்கள், விமானச் சீட்டு என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தயாராயின. ஜூலை 2ஆம் தேதி, எண்கள் தீர்ந்துவிட்டன, விண்ணப்பம் ஏற்க முடியாது என்று அறிவிப்பு வந்தது.

காத்திருந்தவர்கள் குடிவரவுப் பிரிவின் இயக்குநர் எமிலியோ கொன்சாலெஸுக்கு நூற்றுக்கணக்கில் பூங்கொத்துகளை அனுப்பினார்கள். அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இருந்த வீரர்களுக்கு அனுப்பிவைத்தார். கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பேரணி நடந்தது. ஜூலை 17இல் அரசு இறங்கிவந்து ஆகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை ஏற்றது. தேக்க ஒழிப்பு மையங்களிலிருந்து சான்றோடு வெளியே வந்த பலர் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். தொழிலாளர் துறையின் பட்டியலில் தீர்ந்துபோன பெயர்கள் குடிவரவுப் பிரிவின் பட்டியலில் புதிதாக ஏறின.

மீண்டும் ஏறிய வண்டல்

பெர்மின் தொடக்க வேகம் நிலைக்கவில்லை. 2008, 2009இல் பொருளாதாரம் சரிந்து தணிக்கைகள் கூடியபோது சாதாரணக் கோப்புக்கே ஏறத்தாழ ஒன்பது மாதமானது. பிறகு குறைந்தது, மறுபடி ஏறியது, மறுபடி குறைந்தது. 2010 தொடக்கத்திலிருந்து நிலவும் ஊதியத்தைக் கணிக்கும் வேலை மாநிலங்களிடமிருந்து வாஷிங்டனில் உள்ள தேசிய மையத்துக்கு மாறியது. ஒரே அளவுகோல் வந்தது. புதியதொரு வரிசையும் வந்தது.

அந்த வரிசை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது 2011இல் தெரிந்தது. தற்காலிக வேலைகளுக்கான ஹெச்-2பி ஊதியக் கணக்கீட்டைத் திருத்தச் சொல்லிப் பென்சில்வேனியாவின் கூட்டரசு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கான பழைய கணிப்புகளைத் திரும்பச் செய்ய வேண்டி வந்ததால், மையம் நிரந்தர வேலைகளுக்கான ஊதியக் கணிப்பைச் சில காலம் நிறுத்தியே வைத்தது. ஒரே குழுவை ஒரு வரிசையிலிருந்து எடுத்து இன்னொரு வரிசைக்கு மாற்றுவதைத் தவிரத் துறையிடம் வேறு கருவி இல்லை.

இதன் வேர் பணத்தில் இருக்கிறது. பெர்ம் விண்ணப்பத்துக்குத் தொழிலாளர் துறை ஒரு டாலரும் வாங்குவதில்லை. நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தில்தான் சான்றுப் பணி பெரிதும் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டி விண்ணப்பம் வந்தாலும் அதற்கேற்ப ஒதுக்கீடு தானாக உயராது. தற்காலிக வேலை விசாவான ஹெச்-1பியின் கட்டணத்தில் 5 விழுக்காட்டைத் தொழிலாளர் துறைக்குத் தருமாறு சட்டம் சொல்கிறது. சான்று வழங்கும் காலத்தைக் குறைப்பது அதன் நோக்கங்களில் ஒன்று என்றும் சட்டமே எழுதியிருக்கிறது. அந்தத் தொகை போதவில்லை. அடுத்த வாசலில் உள்ள குடிவரவுப் பிரிவு கட்டணத்தில் நடப்பது. 2,800 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்டினால் பெரும்பாலான ஐ-140 மனுக்களில் 15 வேலைநாளில் பதில் தருகிறது. அரசுப் பணிகள் முடங்கிய 2013 அக்டோபரிலும் 2025 அக்டோபரிலும் குடிவரவுப் பிரிவு பெரும்பாலும் இயங்கியது. தொழிலாளர் சான்றுப் பணி நின்றது.

கணினி மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. 2023 ஜூன் 1 முதல் பெர்ம் ‘ஃப்ளாக்’ என்ற புதிய தளத்துக்கும் புதிய 9089 படிவத்துக்கும் மாறியது. ஊதியக் கணிப்புப் படிவமும் இதுவும் ஒன்றோடொன்று இணைந்தன. ஆனால் 2025இல் ஊதியக் கணிப்புக்கே ஏறத்தாழ அரை ஆண்டு, ஆள் தேடலுக்குச் சில மாதம், அதற்குப் பிறகு சாதாரணக் கோப்பைப் பார்க்கவே பதினாறு மாதம் வரை ஆனது. 45 நாள் என்று தொடங்கிய முறை இரண்டாண்டுப் பயணமாக நீண்டுவிட்டது.

எதிர்த்தரப்பின் நியாயம்

இங்கே மறுதரப்பையும் நேராகப் பார்க்க வேண்டும். வேகம் மட்டுமே குறி என்றால் சான்றே வேண்டாம். உள்நாட்டுத் தொழிலாளரைக் காப்பது வெறும் சடங்கல்ல. 2020 டிசம்பரில் அமெரிக்க நீதித் துறை ஃபேஸ்புக் மீது வழக்குத் தொடுத்தது. 2,600க்கும் மேற்பட்ட பணியிடங்களை அந்நிறுவனம் தன் வழக்கமான இணையதளத்தில் விளம்பரம் செய்யாமல், தபாலில் மட்டும் விண்ணப்பம் வாங்கி, அமெரிக்கர் எட்டாதபடி செய்தது என்பது குற்றச்சாட்டு. 2021 அக்டோபரில் 1.425 கோடி டாலர் வரையிலான தொகைக்கு உடன்பாடு ஏற்பட்டது. 2023 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் இதே போன்ற குற்றச்சாட்டில் 2.5 கோடி டாலருக்கு உடன்பட்டது.

ஆனால் இந்த இரண்டு வழக்குகளிலிருந்தும் ஒன்று விளங்குகிறது. ஒவ்வொரு கோப்பையும் ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்ததால் இந்த முறைகேடுகள் வெளிவரவில்லை. பெரிய நிறுவனங்களின் மொத்த நடத்தையைத் தனியாகக் கூர்ந்து பார்த்தபோதுதான் வெளிவந்தன. நெடுங்காலம் காக்கவைப்பதைக் கவனமான சோதனை என்று கொள்ள முடியாது. நல்ல சோதனைக்குத் தேர்ந்த ஆய்வாளர்கள் வேண்டும். அவர்களுக்கு நேரம் வேண்டும். சந்தேகம் உள்ள இடத்தில் குவியும் கண் வேண்டும். இன்றைய தேக்கம் உள்நாட்டுத் தொழிலாளருக்கும் காப்பல்ல. வேலைக்கு ஆள் இருக்கிறாரா என்று சந்தையில் தேடிய நாளுக்கும் அதிகாரி கோப்பைத் திறக்கும் நாளுக்கும் இடையில் ஓராண்டுக்கு மேல் ஓடிவிட்டால், அந்தத் தேடலின் முடிவு பழங்கதையாகிவிடும்.

காத்திருப்பின் கணக்கு

தொழிலாளருக்கு இந்தக் காலம் என்ன செய்கிறது? ஹெச்-1பி விசாவுக்குப் பொதுவான உச்சவரம்பு ஆறு ஆண்டு. 2000ஆம் ஆண்டுச் சட்டமும் 2002 திருத்தமும், தொழிலாளர் சான்றுக்கு விண்ணப்பித்து 365 நாள் கடந்திருந்தால் அதற்கு மேலும் நீட்டிக்க வழிவிட்டன. தேக்கத்தை அரசே ஒப்புக்கொண்டு தந்த நிவாரணம் அது. ஆனால் 365 நாள் எண்ணத் தொடங்குவது விண்ணப்பம் தாக்கலான நாளிலிருந்துதான். ஊதியக் கணிப்புக்காகக் கழிந்த மாதங்கள் சேராது. பெர்ம் காத்திருக்கும்போது வேலை போனால் எல்லாம் போச்சு. அடுத்த முதலாளி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ஐ-140 ஏற்கப்பட்ட பிறகுதான் பழைய முன்னுரிமை நாள், அதாவது விசா வரிசையில் இடத்தைக் குறிக்கும் நாள், பொதுவாகக் கைவசம் நிற்கும். ஆக, சான்று தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் தொழிலாளர் ஒரே முதலாளியிடம் கட்டுண்டு கிடக்கும் மாதம். சம்பள உயர்வு கேட்கவும், அநியாயத்தைத் தட்டிக்கேட்கவும் தயங்கும் மாதம்.

பிள்ளைகளின் கணக்கு இன்னும் கொடுமை. பெற்றோருடன் கிரீன் கார்டு பெறும் தகுதி 21 வயதோடு முடிகிறது. 2002இல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம், ஐ-140 மனு நிலுவையில் இருந்த நாள்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழிக்கச் சொல்கிறது. தொழிலாளர் துறையில் கழிந்த இரண்டாண்டைக் கழிக்கச் சொல்லவில்லை. பணம் கட்டினால் 15 வேலைநாளில் முடியும் கட்டத்துக்குக் கழிவு உண்டு. இரண்டாண்டு இழுக்கும் கட்டத்துக்கு இல்லை. இந்த ஒரு முரணே, காத்திருப்பை யாரும் முழுதாக எண்ணிப் பார்க்கவில்லை என்பதற்குப் போதிய சான்று.

இந்தியர்களுக்கு இவை அனைத்துக்கும் அப்பால் ஒரு பெரிய சுவர் நிற்கிறது. முன்னுரிமை நாள் பெர்ம் தாக்கலான நாளாகவே கணக்கிடப்படுவதால், சான்று தாமதமானாலும் அந்த வரிசையில் இடம் போகாது. ஆனால் 2025ஆம் ஆண்டு அறிவிக்கைகளில் இந்தியர்களின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகள் 2012, 2013ஆம் ஆண்டுகளின் தேதிகளில்தான் நின்றன. 2023இல் கேட்டோ என்ற ஆய்வு நிறுவனம் வேலைவழிக் காத்திருப்போரை மொத்தம் ஏறத்தாழ 18 லட்சம் என்று மதிப்பிட்டது. அவர்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். நாட்டு வரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் கீழவையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. மேலவை 2020 டிசம்பரில் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகவில்லை; மசோதா காலாவதியானது. 2021 நிதியாண்டில் தொற்றுக்காலத் தாமதத்தால் 66,000க்கும் மேற்பட்ட விசா எண்கள் யாருக்கும் பயனின்றிக் கழிந்தன.

செய்யக்கூடியவை

முதல் தேவை பணத்துக்கும் பணிக்கும் உள்ள தொடர்பு. பெர்ம் விண்ணப்பத்துக்கு முதலாளியிடமிருந்து ஒரே சீரான கட்டணம் வாங்கி, அதை அந்தப் பணிக்கே ஒதுக்க வேண்டும். சிறு தொழில்களுக்குக் குறைந்த கட்டணம் வைக்கலாம். பணம் படைத்தவருக்கு மட்டும் தனி வழி திறப்பதாக இது ஆகிவிடக் கூடாது. விண்ணப்பம் கூடினால் ஆய்வாளரும் கூடுவார். அரசு முடங்கினாலும் பணி முடங்காது. கட்டணம் வசூலிக்க அதிகாரம் கேட்டுத் துறையே தன் வரவுசெலவுத் திட்டங்களில் கோரிக்கை வைத்திருக்கிறது. நாடாளுமன்றம் செவிசாய்க்கவில்லை.

இரண்டாவது, சோதனையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவருவது. பொறியாளர் யாரும் வேலை தேடாத ஞாயிறு நாளிதழின் விளம்பரப் பக்கத்தை விட்டுவிட்டு, நிறுவனம் உண்மையில் ஆள் எடுக்கும் வழியிலேயே தேடச் சொல்லலாம். பற்றாக்குறை நன்கு தெரிந்த தொழில்களை ‘ஷெட்யூல் ஏ’ பட்டியலில் சேர்த்தால் அந்தக் கோப்புகள் வரிசைக்கே வராது. 2023 டிசம்பரில் இதற்காகக் கருத்துக் கேட்ட துறை, அதற்கு மேல் விதி எதையும் கொண்டுவரவில்லை. எந்தக் கேட்டையும் விளைவிக்காத எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு வாய்ப்பு தந்தால் இரட்டை வேலை குறையும். மிச்சமாகும் நேரத்தை உண்மையான முறைகேட்டைத் தேடச் செலவிடலாம்.

மூன்றாவது, அளவுகோலை மாற்றுவது. ஊதியக் கணிப்புக்கு எந்த மாதம், பெர்முக்கு எந்த மாதம் என்று துறை தனித்தனியாக வெளியிடுகிறது. ஊதியக் கணிப்பு கேட்ட நாள் முதல் சான்று வந்த நாள் வரை ஒரு சாதாரணக் கோப்பு எடுத்த மொத்தக் காலத்தை வெளியிட வேண்டும். தொழிலாளரும் தன் கோப்பின் நிலையைக் கேட்டறியும் உரிமை பெற வேண்டும். சான்றுக்காகக் காத்திருந்த காலம் பிள்ளையின் வயதிலிருந்து கழிய வேண்டும். இந்தக் கடைசித் திருத்தத்துக்கு ஒரு விசா எண்ணும் கூடுதலாக வேண்டியதில்லை. சட்டத்தில் ஒரு வரி போதும்.

நாட்டு வரம்பும் மொத்த எண்ணிக்கையும் பெரிய அரசியல் கேள்விகள். அவற்றுக்கு விடை வரும்வரை தொழிலாளர் சான்றுத் தேக்கத்தைத் தீர்த்து என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். பயன் உண்டு. சான்று விரைவாக வந்து ஐ-140 ஏற்கப்பட்டால், கிரீன் கார்டு எத்தனை ஆண்டு தள்ளிப்போனாலும் தொழிலாளர் தன் இடத்தோடு வேறு வேலைக்கு மாறலாம். வேலை போனாலும் பட்ட பாடு வீணாகாது. நீண்ட வரிசையில் நிற்கும் ஒருவருக்கு அந்த உறுதியே பெரிய விடுதலை. அதைத் தர நாடாளுமன்றத்தின் பெருஞ்சண்டைகள் எதுவும் ஓய வேண்டியதில்லை. மூன்றாண்டில் 3,60,000 கோப்புகளைத் தீர்க்க முடியும் என்று 2007இல் காட்டிய அரசுக்கு, ஒவ்வோர் ஆண்டும் வருவதை அந்தந்த ஆண்டிலேயே பார்த்து முடிக்கவும் முடியும். அதை ஒருமுறைத் திட்டமாக அறிவிக்காமல் நிரந்தரக் கடமையாகச் சட்டத்தில் எழுதிவைப்பதே இனிச் செய்ய வேண்டியது.